எண்ணெய்ச் சட்டி ஏறாத பாஸ்கு

ஏப்ரல் 2, புதன்

ஐஸ் கம்பெனிக்காரர் வருஷா வருஷம் படகுக்கு ஒரு டைரி கொடுப்பார். வில்பிரட்டு அதைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிடுவான். "அஞ்சாங்கிளாஸ் படிச்ச படிப்பு வீணாப் போகக்கூடாதுல்லா" என்பான். கேலிதான். ஆனால் அந்த அஞ்சாம் வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். இந்தத் தெருவில் என் வயதுக்காரிகளில் கைநாட்டு வைக்காதவளும் நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன். வழக்கமாகப் படகு போன நாளையும் வந்த நாளையும் மட்டும்தான் எழுதுவேன். இந்த மாதம் எழுத நேரம் நிறைய இருக்கிறது.

மேற்கே போன படகுகளில் இன்னும் இரண்டு இன்று வந்துசேர்ந்தன. எங்கள் 'பாக்கியமாதா' வரவில்லை. அதில் என் மகன் வில்பிரட்டு டிரைவர், அவனோடு நாலு பேர். தங்குகடல் தொழில். கரைக்கு வராமல் வாரக்கணக்கில் நடுக்கடலிலேயே கிடந்து வலை போட்டு வருவது. போன மாதத் தொடக்கத்தில், விபூதிப் புதன் கழிந்து புறப்பட்டவர்கள். மினிக்காய்த் தீவுப் பக்கம் சூறைக்காற்று அடித்த அன்று வயர்லெஸ்ஸில் பேசினான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

பேட்டரி போயிருக்கும். போன வருஷமும் இப்படித்தான் போயிற்று.

அரிசி புடைத்தேன். மருமகள் அக்சிலியா சாப்பிடாமல் எழுந்தாள். திட்டினேன். அரைத் தட்டு சாப்பிட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

மெற்றில்டா மைனி வந்தாள். என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் இந்த வீட்டில் தனக்குப் பாதி அதிகாரம் உண்டு என்ற நினைப்பு அவளுக்கு மாறவில்லை. கையில் ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தாள். திறந்தால் இடியாப்பம்.

மூடின தட்டை யாரும் சும்மா கொண்டுவர மாட்டார்கள். எங்கள் கரையில் துக்க வீட்டுக்கு ஒரு முறை உண்டு. அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பாஸ்கு என்கிற ஈஸ்டர் ஆனாலும் கிறிஸ்மஸ் ஆனாலும் அங்கே பலகாரம் சுட மாட்டார்கள். சொந்தக்காரர்கள்தான் சுட்டு, தட்டில் மூடிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மற்ற நாளில் எந்த வீட்டுத் தட்டையும் வெறுமையாகத் திருப்புவது மரியாதை இல்லை. ஒரு பழமோ ஒரு கைச் சீனியோ வைத்துத்தான் கொடுப்போம். துக்க வீட்டுத் தட்டு மட்டும் வெறுமையாகத்தான் திரும்பும்.

"இடியாப்பம்தான். அக்சிலியா சாப்பிடலன்னு சொன்னாவ" என்றாள்.

"அதுக்கு எதுக்கு மூடிக் கொண்டாரிய?"

"தெருவுல புழுதி பறக்குல்லா."

புழுதியாம். தட்டைக் கழுவினேன். சீனி டப்பாவைக் கவிழ்த்துக் குவியலாகக் கொட்டிக் கையில் கொடுத்தேன். வாசலைத் தாண்டும்போது அவள் சேலை முழுக்கச் சீனி.

"பாஸ்குக்கு எப்பவும் போல நம்ம படகுக்காரங்க வீடு எல்லாம் இங்கதான் வரும். அன்னைக்கு நீங்க மூடின தட்டோட என் வாசல்ல ஏறக்கூடாது மைனி. இப்பமே சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் சீனியை உதறிக்கொண்டே போனாள். அவள் பேசாமல் போவது அபூர்வம்.

ஏப்ரல் 5, சனி

மண்ணெண்ணெய் வந்தது. படகு வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். இளம் வயது. என் முகத்தைப் பார்க்காமல் ரென்சியின் பள்ளிக்கூடப் பையைப் பார்த்துப் பேசினார். ரென்சி என் பேத்தி, ஒன்பதாம் வகுப்பு.

மற்ற நாலு வீட்டுக்காரரும் சம்மதம் சொல்லிவிட்டார்களாம். ஐந்து பேருக்கும் சேர்த்து, பாஸ்கு முடிந்ததும் இறந்தோர் பூசை வைக்கலாமாம். "உங்க வீட்டுல சொல்லாம நாங்க செய்ய முடியாதும்மா. அவங்களும் உங்களத்தான் பாத்துட்டு இருக்காங்க."

"என் மகன் உசிரோட இருக்கையில அவனுக்கு எதுக்குச் சாமி அந்தப் பூசை? நான் அஞ்சாவதுதான் படிச்சவ. ஆனா உசிருள்ளவனுக்கு எந்தப் பூசை, செத்தவனுக்கு எந்தப் பூசைன்னு எனக்குத் தெரியும்."

அவர் டிரம்மைப் பற்றிச் சொன்னார். வேறு ஊர்ப் படகுக்காரர்கள் நடுக்கடலில் ஒரு நீலத் தண்ணீர் டிரம்மை எடுத்திருக்கிறார்களாம். நீல டிரம் இல்லாத படகு எது? அதன் வாயில் பச்சைக் கரைத் துணி ஒன்று கட்டியிருந்ததாம். பச்சைக் கரைச் சேலை எல்லாக் கடையிலும்தான் விற்கிறது. சாமியாரிடம் அதைச் சொன்னேன். அக்சிலியா கதவுக்குப் பின்னால் நின்றாள். காப்பி போடச் சொன்னேன்.

அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் பழைய சேலை அடியில் கிடந்தது. கரையில் ஒரு முழம் இல்லை. இந்தத் தடவை புறப்படும்போது டிரம்முக்கு மூடி நிற்கவில்லை என்று வில்பிரட்டு கேட்க, நான்தான் கிழித்துக் கட்டிவிட்டேன். சும்மா ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். மடித்து உள்ளே வைத்தேன். பெட்டியில் பூச்சி உருண்டை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

தலைவலி. பாஸ்கு வருகிறது.

சட்டியை ஏற்றி முந்திரிக்கொத்து சுட்டால் ஊர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்னும். நாலு வீட்டுப் பிள்ளைகள் முகம் வாடியிருக்க இவளுக்கு எண்ணெய்ச் சட்டி கேட்கிறது என்று மைனியே சொல்வாள். சட்டியை ஏற்றாவிட்டால் அது என் வாயால் நானே சொன்ன மாதிரி. பிறகு மூடின தட்டு வரும். ஒன்று வந்தால் ஒன்பது வரும்.

காலையிலிருந்து இதையே யோசித்துக்கொண்டு பருப்பைக் கருகவிட்டேன். நான் பருப்பைக் கருகவிட்டவளில்லை.

ரென்சி பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டியை மோந்து பார்த்தாள். "ஆச்சி, அடுப்பே இல்லாமச் சமைச்சிருக்கலாம்லா" என்று கிண்டல் செய்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் அடுப்பில்லாச் சமையல் என்று ஒரு போட்டி வைத்தார்களாம். தீ மூட்டக் கூடாது. இவளுக்கு இரண்டாம் பரிசு. இத்தனை நாள் சொல்லவில்லை. யாரிடம் சொல்வாள், அப்பாவிடம்தான் சொல்வாள்.

"என்னட்டி செஞ்ச?"

"டிப்பு."

"அப்படின்னா?"

"தயிரு, டப்பாப் பாலு, மாம்பழம், சீனி எல்லாம் சேத்து அடிக்கணும் ஆச்சி. கெட்டியா வரும். பிஸ்கட்ட அதுல தொட்டுத் தொட்டுத் திங்கணும்."

"தொட்டுத் திங்கதுக்கு அது சட்டினி. அதுக்கு எவன் பரிசு குடுத்தான்?"

"இனிச்ச சட்டினி ஆச்சி."

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அது மண்டையில் ஏறியது. இதில் அடுப்பும் இல்லை, எண்ணெய்ச் சட்டியும் இல்லை. ஆனால் இனிப்பு. வீட்டில் செய்த இனிப்பு. பாஸ்கு அன்று வாசல் ஏறுகிறவர்களுக்கு என் கையால் கொடுக்க ஒன்று இருக்கும். சுட்டாள் என்றும் யாரும் சொல்ல முடியாது, சுடவில்லை என்றும் சொல்ல முடியாது. வில்பிரட்டு வருகிறவரைக்கும் இந்த வீட்டை எந்தப் பக்கமும் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளலாம்.

ரென்சியை மூன்று தடவை சொல்லவைத்துப் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலையை வாங்கி வந்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினேன். ஒன்று எனக்கு, ஒன்று அக்சிலியாவுக்கு, ஒன்று ரென்சிக்கு. வில்பிரட்டுக்கும் ஒன்று வாங்கினேன். ஓலை கொடுத்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "என்ன பாக்க? எங்க வீட்டுல நாலு பேரு" என்றேன்.

மத்தியானம் அந்த டிப்பைச் செய்து பார்த்தோம். படுதோல்வி. தயிரை வடிதட்டில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தோம். சீனியைப் பொடித்து, மாம்பழத்தை மிக்சியில் அடித்து, டப்பாப் பாலை விட்டுக் கலக்கினால் மோர் மாதிரி ஓடுகிறது. பிஸ்கட்டைத் தொட்டதும் பாதி பிஸ்கட் உள்ளே விழுந்து முழுகியது. ரென்சி கரண்டியைப் போட்டுத் துழாவினாள்.

"முழுகினத எடுக்காத. விடு" என்று அக்சிலியா சொன்னாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

பாஸ்குக்கு முந்தின தவசு காலத்தில் நான் இனிப்பை வாயில் வைக்க மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற பழக்கம். ரென்சிதான் ருசி பார்த்தாள். "ருசி நல்லாருக்கு ஆச்சி. தண்ணிதான். எங்க மிஸ்ஸு தயிர வெள்ளைத் துணியில கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிடச் சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்."

"பரிசு வாங்கினவ மறக்கலாமா?"

"ரெண்டாம் பரிசுதான ஆச்சி."

அந்த மோரை மூன்று பேரில் யாரும் குடிக்கவில்லை. கொட்டவும் மனசு வரவில்லை. பூனை குடித்தது.

ஏப்ரல் 14, திங்கள்

நடுச்சாமத்திலிருந்து மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதத்துக்கு எந்த விசைப்படகும் கடலில் இருக்கக் கூடாது. அதனால் இன்று எல்லாப் படகும் கரைக்கு வந்தாக வேண்டும். நான் இந்த நாளைத்தான் மனசுக்குள் வைத்திருந்தேன். எங்கே போயிருந்தாலும் தடைக்கு வந்துவிடுவான், கடலுக்குப் போக மீன்துறை கொடுக்கிற டோக்கன் விஷயத்தில் அவன் ரொம்பச் சரியானவன்.

காலையிலேயே துறைக்குப் போய் உட்கார்ந்தேன். குடை கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் படகைப் போலச் சிவப்பு முகப்பு தெரியும்போதெல்லாம் எழுந்து நின்றேன். சிவப்பு அடித்த படகு இந்தக் கரையில் இத்தனை இருக்கிறது என்று இதுவரை எனக்குத் தெரியாது.

வெயில் சாய்ந்தபோது எல்லாப் படகும் வரிசையாக நின்றுவிட்டன. 'பாக்கியமாதா' நிற்கிற இடத்தில் வேறொரு படகைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன்.

"அது பாக்கியமாதா நிக்க எடம். எடுங்கய்யா."

கயிறு பிடித்திருந்தவன் என்னைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நான் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பேசவில்லை. கயிற்றை அவிழ்த்தார்கள். இடம் இல்லாமல் நெருக்கியடித்து அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அத்தனை ஆம்பிளைகளும் தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார்கள்.

வந்து கால் கழுவினேன். குடையைத் துறையில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

படகுக்கார வீடுகளுக்குப் போய் அழைத்தேன். ஒவ்வொரு வருஷமும் அழைப்பது போலத்தான். பாஸ்கு பூசை முடிந்து விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து வாய் இனிக்கச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று. மூன்று வீட்டில் "வாரோம்" என்றார்கள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நாலாவது வீடு பிரிட்டோவுடையது. ஐந்து பேரில் சின்னவன் அவன். தை மாதத்தில்தான் கல்யாணம். அவன் பெண்டாட்டி செல்சியா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கையில் வாழையிலைத் துண்டில் பிச்சிப்பூ.

"ஆச்சி, இத வைக்கவா வேண்டாமா? வச்சா எங்க அத்தை மொறைக்காவ. வைக்கலன்னா எங்கம்மை அழுதா. தெனமும் வாங்குதேன், தெனமும் வாடிப்போவுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க. எதுன்னாலும் செஞ்சிருதேன்."

"நான் என்னத்தச் சொல்ல?"

"நீங்க சொன்னாத்தான் ஆச்சி. சாமியாரும் அப்படித்தான சொன்னாரு. எல்லாரும் ஒங்க வாயத்தான் பாத்துட்டு இருக்கோம். எனக்கு அழவும் பயமா இருக்கு. அழுதா நீங்க கோவப்படுவியளோன்னு."

நான் யாரையும் அழக்கூடாது என்று சொல்லவில்லை. எப்போது சொன்னேன்? வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். வாயால் சொன்னதில்லை.

பூவை ஈரத்துணியில் சுற்றி வைக்கச் சொன்னேன். வாடாமல் இருக்கும். வேறு என்ன சொல்ல முடியும் என்னால்?

கடையில் டப்பாப் பால், ரஸ்க், பிஸ்கட் வாங்கினேன். மாம்பழம் இன்னும் புளிப்பு. இரண்டு நாளில் கனிந்துவிடும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி. ஊறுகாய்கூட இல்லை.

கோயிலில் ஆண்டவர் சொரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி மாதா மடியில் வைத்தபோது எல்லாப் பெண்களும் அழுதார்கள். நான் அழவில்லை. அவளுக்காவது மடியில் வைக்கக் கொடுத்தார்கள் என்று நினைத்தேன். இது பாவமான நினைப்பு. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 19, சனி

மத்தியானம் பால்காரி பெரிய சட்டி நிறையத் தயிர் கொண்டுவந்தாள். நல்ல கெட்டித் தயிர், வெட்டி எடுக்கிற மாதிரி.

"வெள்ளத் துணி வேணும்" என்றேன். மெல்லிசாக இருக்க வேண்டும், சாயம் போகக் கூடாது. ரென்சி அவளுடைய கைக்குட்டையைக் காட்டினாள். "இதுல ஒருத்தி மூக்குச் சிந்துன தண்ணிகூட நிக்காது" என்றேன். சிரித்தாள். நான் டிரங்குப் பெட்டியை நோக்கிப் போனேன். அதற்குள் அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

துணி கிழிகிற சத்தம். பழந்துணி கிழிந்தால் அப்படிக் கேட்காது. கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்த வேட்டி அது.

அக்சிலியா வெளியே வந்தாள். கையில் வெள்ளைத் துணி, ஓரத்தில் மெல்லிய நீலக் கரை. வில்பிரட்டு பாஸ்கு பூசைக்குக் கட்டுகிற வேட்டி. போன மாதம் புறப்படும்போது, "வந்து இதத்தான் கட்டுவேன், பூச்சி அரிக்காமப் பாத்துக்க" என்று இவளிடம் கொடுத்துப் போனது.

உயிரோடு இருக்கிறவன் வேட்டியைக் கிழிக்கிறவள் எங்கள் கரையில் ஒருத்தியும் இல்லை. இது அவளுக்குத் தெரியும். நான்தான் கல்யாணமாகி வந்த புதிதில் சொல்லிக்கொடுத்தேன். கைபிடித் துணிக்கென்று அவன் பழைய வேட்டியில் கைவைத்தவளைத் திட்டியிருக்கிறேன்.

"ஏட்டி" என்றேன்.

"மாமி, பெட்டிக்குள்ள இருக்கிற பச்சைக் கரைச் சேலைய நானும் பாத்துட்டேன்" என்றாள். "சாமியார் வந்துட்டுப் போன மறுநாளே பாத்தேன். மடிப்பு மாறியிருந்துச்சு. அப்பமே நீங்களும் பாத்துட்டியன்னு தெரிஞ்சுபோச்சு."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல மாமி?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். 

அவள் துணியை இன்னொரு சட்டி வாயில் விரித்தாள். ரென்சி தயிரைச் சாய்த்தாள். பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரே வீட்டுக்குள் மூன்று பேரும் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் இதை மூடிவைத்துக்கொண்டு, மாம்பழம் கனிந்ததா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

நாலு முனையையும் கூட்டிப் பிடித்தாள் அக்சிலியா.  "முடிச்சு போட்டுத்தாங்க மாமி. எனக்கு நிக்காது."

போட்டேன். டிரம் வாயில் கட்டிய அதே முடிச்சு. எனக்கு வேறு முடிச்சு தெரியாது.

வில்பிரட்டின் மழைக்கோட்டு மாட்டியிருந்த ஆணியில்தான் தொங்கவிட முடிந்தது, அதுதான் பலமான ஆணி. கோட்டை எடுத்து மடித்து வைத்தேன். அடியில் பாத்திரம் வைத்தேன். இதை எழுதும்போது சொட்டுச் சொட்டாக விழுகிறது. ரென்சி தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறாள். பாஸ்கு பூசைக்குக் கிளம்ப வேண்டும்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்தோம். கோவில் முற்றத்தில் புதுத் தீ மூட்டி, அதிலிருந்து எல்லார் கையிலும் மெழுகுதிரி ஏற்றினார்கள். மற்ற வருஷம் அந்தத் திரியை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அதில்தான் அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவேன். இந்த வருஷம் தெருமுனையில் காற்று அடித்து அணைந்தது. நான் திரும்பிப் போய் ஏற்றி வரவில்லை.

துணியை அவிழ்த்தோம். தயிர் வெண்ணெய் மாதிரி உருண்டு நின்றது. சீனிப் பொடி, டப்பாப் பால், செந்தூர மாம்பழக் கூழ், ஏலக்காய். ரென்சி மத்தால் அடித்தாள். கரண்டியைத் தூக்கினால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே முந்திரியைப் பொடித்துத் தூவினாள். நாலு கிண்ணத்தில் பங்கிட்டு, சுற்றி ரஸ்க், பிஸ்கட், ஆப்பிள் துண்டு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சட்டினி என்று இனி சொல்ல மாட்டேன்.

விடிந்ததும் படகுக்கார வீடுகள் வந்தன. பிள்ளைகள் முதலில் தயங்கினார்கள். பிறகு ஒருவன் ரஸ்க்கை விட்டு ஒரு வழி வழித்தான். "டேய், கைய முக்காத" என்று ஒரு சத்தம். கொஞ்சம் சிரிப்பு. பெண்கள் சுவர் ஓரமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். யாரும் கடிக்கவில்லை. செல்சியா வந்திருந்தாள். தலையில் பூ இல்லை. மடியில் ஈரத்துணிப் பொட்டலம்.

எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தை நீட்டி "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றேன். அந்தச் சத்தம் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

கடைசியாக மெற்றில்டா மைனி வந்தாள். வாசலில் நின்றாள். இரண்டு கையையும் வெறுமையாகத் தொங்கப்போட்டிருந்தாள். நான் பார்க்க வேண்டும் என்றே அப்படி நின்ற மாதிரி இருந்தது. அவள் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏறி வாங்க மைனி" என்றேன்.

வந்து உட்கார்ந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். "இது என்னது, கஞ்சியா?"

"பேத்தி செஞ்சது. தொட்டுத் திங்கணும்."

"நல்லா இருக்கு" என்றாள், தொடாமலே.

அக்சிலியா சுவரில் சாய்ந்து நின்றாள். ஆணியில் அந்த வெள்ளைத் துணி அலசிக் காயப்போட்டபடி தொங்கியது. நீலக் கரையை மைனி பார்த்துவிட்டாள். தம்பி மகன் வேட்டி அவளுக்குத் தெரியாதா? அவள்தான் போன பாஸ்குக்கு எடுத்துக் கொடுத்தாள். வாயைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். என் மைனி வாயை மூடினாள். இந்த ஊரே எனக்காக வாயை மூடிக்கொண்டு கஷ்டப்படுகிறது என்று அப்போது தோன்றியது. நான் பிடித்துக்கொண்டிருந்தது வீட்டை அல்ல. இவர்கள் கழுத்தை.

"மைனி" என்றேன். "கொண்டு வரலையா?"

"என்னது?"

"பலகாரம்."

மைனி நிமிர்ந்தாள். "நீங்கதான் மூடின தட்டோட ஏறக்கூடாதுன்னிய."

"சுட்டு வச்சிருக்கியளா இல்லையா?"

"சுட்டு வச்சிருக்கேன்" என்றாள்.  "நேத்தே சுட்டுட்டேன். மூடி வச்சிருக்கேன். கொண்டுவர முடியாதுன்னு தெரிஞ்சும் சுட்டேன். அவனுக்கு நான் சுடாம வேற யாரு சுடுவா?"

"போய் எடுத்துட்டு வாங்க மைனி."

பிள்ளைகள் வழிப்பதை நிறுத்தினார்கள். மைனி எழுந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. படி இறங்க ரென்சி கை கொடுத்தாள். தெருவில் அவள் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. 

மூடின தட்டோடு வாசலில் நின்றாள். நான் எழுந்து போய் இரண்டு கையாலும் வாங்கினேன். கனமாக இருந்தது. மேல்தட்டை எடுத்தேன். முந்திரிக்கொத்தும் ரவைப் பணியாரமும். ஒரு பணியாரத்தை எடுத்து அக்சிலியா கையில் வைத்தேன்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். எத்தனை நாள் உள்ளே இருந்ததோ அத்தனையும் வந்தது. அவளோடு மற்றவர்களும் அழுதார்கள். செல்சியா எழுந்து போய் அந்தப் பூவை மாதா படத்துக்கு வைத்துவிட்டு, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நான் யாரையும் அடக்கவில்லை. "சாமியார்ட்ட நானே போய்ச் சொல்லுதேன். அஞ்சு பேருக்கும் சேத்தே வைக்கட்டும்" என்றேன். யாருக்குக் கேட்டதோ தெரியாது.

ரென்சி அழுதுகொண்டே ஒரு பணியாரத்தை எடுத்தாள். கிண்ணத்தில் தொட்டு என் வாயருகே நீட்டினாள். "ஆச்சி, தவசு முடிஞ்சிட்டு. இப்ப நீங்க ருசி பாக்கலாம்."

சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் மைனியின் இரண்டு தட்டையும் புளி போட்டு விளக்கினேன். கழுவி, துடைத்து, வெயிலில் ஒரு நிமிஷம் வைத்து எடுத்தேன். கை பழக்கத்தில் சீனி டப்பாவுக்குப் போயிற்று. மூடியைக் கூடத் திறந்துவிட்டேன். பிறகு மூடினேன்.

அவள் வீட்டு வாசலில் நின்று தட்டை நீட்டினேன். வெறுந்தட்டு. மைனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.